ஒரே பிராக்கெட், நான்கு வழிகள்: முதலாண்டு பொறியியல் மாணவருக்கு ஒரு பட்டறை வழிகாட்டி

ஒரு எல் வடிவப் பிராக்கெட். ரோபோ வண்டிகளில் போடுவார்களே மஞ்சள் நிறக் கியர் மோட்டார், அதைப் பலகையோடு பிடித்து நிறுத்துகிற சின்னத் துண்டு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இதை முதலில் இரும்புத் தகட்டில் கையால் வெட்டி வளைப்போம். பிறகு லேசரில் அக்ரிலிக்கை வெட்டிச் செய்வோம். அப்புறம் 3டி பிரிண்டரில் அச்சிடுவோம். கடைசியாக அலுமினியத்தில் வார்ப்போம்.

ஏன் நான்கு முறையும் ஒரே பொருள்? முதலாண்டுப் பட்டறை வகுப்பில் ஃபிட்டிங் என்றால் ஒரு வி ஜாயிண்ட், தச்சு வேலை என்றால் ஒரு டீ ஜாயிண்ட், ஷீட் மெட்டல் என்றால் ஒரு ட்ரே. ஒவ்வொன்றையும் முடித்து, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிவிட்டால் துண்டு பழைய இரும்புப் பெட்டிக்குப் போய்விடும். அடுத்த ஆண்டு வேறொரு ஏசி அறையில் 3டி பிரிண்டரைப் பார்க்கும்போது, “அப்போ எதுக்கு ரெண்டு வாரம் அரம் போட்டோம்?” என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நானும் மாணவனாக இருந்தபோது கேட்டேன். அரமும் பிரிண்டரும் ஒரே மேசைக்கு வராததால்தான் அந்தக் கேள்வி எழுகிறது. ஒரே பொருளை எல்லா வழியிலும் செய்து பார்த்தால் எந்த முறை எதற்கு என்பது கைக்கே தெரிந்துவிடும். இப்போது மாணவர்களோடு பட்டறையில் நிற்கிறேன், எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறேன்.

செய்யுமுன்

காலுக்கு ஷூ, முழங்கைக்கு மேல் ஏற்றிய அல்லது மணிக்கட்டில் பட்டன் போட்ட சட்டை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. துப்பட்டாவும் அடையாள அட்டைக் கயிறும் பட்டறைக் கோட்டுக்குள். நீளமான முடியைக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். இதில் புதியவர்கள் தவறாகப் புரிந்துகொள்வது கையுறையைத்தான். டிரில்லிங் மெஷினிலும், கம்பியைச் சுழற்றிக் கடையும் லேத்திலும் கையுறை போடக் கூடாது. சுழலும் டிரில் கையுறையின் நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். வெல்டிங்குக்கும் வார்ப்புக்கும் மட்டும் தோல் கையுறை.

அளவெடுப்பதும் வரைவதும்

மோட்டாரைக் கையில் எடுங்கள். இணையத்தில் கிடைக்கும் படத்தை நம்பாமல் உங்கள் மோட்டாரை நீங்களே அளந்துகொள்ளுங்கள். துளைகளுக்கு இடையேயான மையத் தூரம்தான் முக்கியம். ஆனால் மையம் என்பது காற்றில் இருக்கிறது, வெர்னியர் என்ற அளவுக் கருவியின் தாடையை அங்கே வைக்க முடியாது. அதற்கு ஒரு வழி உண்டு. இரண்டு துளைகளின் உள் விளிம்புகளுக்கு இடையே ஒருமுறை அளங்கள், வெளி விளிம்புகளுக்கு இடையே ஒருமுறை. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் மையத் தூரம் வந்துவிடும், துளையின் விட்டமே தெரிய வேண்டியதில்லை. வழக்கமான வெர்னியரில் 0.02 மி.மீ. வரை படிக்கலாம். மூன்று முறை அளந்து மூன்றையும் எழுதுங்கள். மூன்றும் ஒத்துவராவிட்டால் உங்கள் கை இன்னும் பழகவில்லை என்று அர்த்தம், மறுபடி அளங்கள்.

நம் பிராக்கெட்டின் வெளி அளவை இப்படி வைத்துக்கொள்வோம்: ஒரு கால் 40 மி.மீ., மற்றொன்று 30 மி.மீ., அகலம் 30 மி.மீ., எம்3 (3 மி.மீ. விட்டமுள்ள) திருகுக்கு 3.2 மி.மீ. துளைகள். முதலில் பென்சிலால் வரையுங்கள். அப்புறம் ஃப்ரீகேட் போன்ற இலவச மென்பொருளில் வரைந்துகொள்ளலாம். துளைகளின் இடத்தை எப்போதும் காலின் வெளி நுனியிலிருந்து குறியுங்கள், வளைவிலிருந்து குறிக்காதீர்கள். நுனி மாறாது, வளைவுதான் அரை மில்லி முன்னே பின்னே போகும்.

வரைந்ததை அட்டையில் வெட்டி மோட்டாரில் பொருத்திப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். திருகு முடுக்கத் திருப்புளி நுழைய இடமில்லை என்பதுபோன்ற விஷயம் திரையில் தெரியாது, அட்டையில் தெரியும்.

கையால்: 1.6 மி.மீ. இரும்புத் தகடு

இங்கேதான் அதிக நேரம் போகும், போகட்டும்.

முதலில் வளைவுக் கணக்கு. 40-ஐயும் 30-ஐயும் கூட்டினால் 70. அதனால் 70 மி.மீ. தகடு வெட்டி வளைத்தால் சரியாக வருமா? வராது. பாடப்புத்தகத்தில் இதற்குச் சூத்திரம் இருக்கிறது, ஆனால் பட்டறையில் ஒரு கழிவுத் துண்டே பதில் சொல்லிவிடும். அதே தகட்டில் சரியாக 70 மி.மீ. நீளத்துக்கு ஒரு பட்டையை வெட்டுங்கள். நடுவில் கோடு போட்டு, அந்தக் கோடு வைஸின் (துண்டை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி) தாடை விளிம்போடு பொருந்துமாறு இறுக்கி, 90 பாகைக்கு வளையுங்கள். இப்போது இரண்டு காலின் வெளி அளவையும் எடுத்துக் கூட்டுங்கள். 72.5-லிருந்து 73 வரை ஏதோ ஒன்று வரும். 72.8 வந்ததாக வைத்துக்கொண்டால், கூடுதலான அந்த 2.8 மி.மீ.தான் நீங்கள் கழிக்க வேண்டியது. ஆக வெட்ட வேண்டிய நீளம் 67.2. கோட்டை எங்கே போட வேண்டும் என்பதையும் அதே துண்டின் இரண்டு காலளவுகளே சொல்லிவிடும். இந்த எண் உங்கள் தகட்டுக்கும் உங்கள் வைஸுக்கும் சொந்தமானது. நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

தகட்டின் மேல் மயில்துத்தக் கரைசலைத் தடவினால் மெல்லிய செம்புப் படலம் படியும், அதில் ஸ்கிரைபர் என்ற கூர்முனைக் கம்பியால் கீறும் கோடு பளிச்சென்று தெரியும். அது இல்லாவிட்டால் சுண்ணாம்புக்கட்டி போதும். துளை வரும் இடங்களில் சென்டர் பஞ்சால் ஒரே அடி. பஞ்ச் அடிக்காத இடத்தில் டிரில் நடனமாடிவிட்டுத்தான் உள்ளே இறங்கும்.

வெட்டுவதற்கு ஹேக்சாவில் அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடைப் போடுங்கள். முரட்டுப் பல் மெல்லிய தகட்டில் மாட்டிக்கொண்டு உடையும். பல் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். கோட்டுக்கு வெளியே அரை மில்லி விட்டு வெட்டுங்கள், அந்த அரை மில்லிதான் அரத்தின் பங்கு.

அரம் போடுவதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஃபிட்டிங் மாஸ்டர். அரை மணி நேரம் முன்னும் பின்னும் தேய்த்து, கை வலித்து நின்றேன். பக்கத்தில் வந்து, “தம்பி, போறப்போதான் அது வெட்டும். வர்றப்போ சும்மா விடுங்க” என்றார். என் துண்டை வாங்கி, விளிம்பின் மேல் மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் கசிந்தது, நடுவில் மட்டும் இருட்டு. என் விளிம்பு வில்லாக வளைந்திருந்தது. கை மேலும் கீழும் ஆடியதை இரும்பு அப்படியே பதிந்து வைத்திருந்தது. இன்றும் மாணவர்களுக்கு அந்த வெளிச்சத்தைத்தான் காட்டுகிறேன். அளவுக் கருவி எதுவும் இல்லாமல், நூறில் சில பங்கு மில்லிமீட்டரைக் கண்ணாலேயே பார்க்க முடியும் என்பது எனக்கு இன்னமும் வியப்புதான்.

முதலில் முரட்டு அரம், கோட்டை நெருங்கியதும் சன்ன அரம். அரத்தின் பற்களில் சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் இரும்புத் துகள் அடைத்துக்கொள்ளாது. விளிம்பில் நிற்கும் பிசிறை எடுக்க மறக்காதீர்கள், விரலைக் கிழிப்பது அதுதான்.

வளைப்பதற்கு முன்பே துளை போட்டுவிடுங்கள். மெல்லிய தகட்டை ஒருபோதும் கையால் பிடித்துத் துளையிடக் கூடாது. டிரில் மறுபுறம் வெளிவரும் நொடியில் தகட்டைப் பிடித்துச் சுழற்றும், அப்போது அது கத்திதான். கீழே மரக்கட்டை, மேலே கிளாம்ப். எவ்வளவு வேகம்? வெட்டும் வேகத்தை (வெட்டும் விளிம்பு நிமிடத்துக்கு ஓடும் மீட்டர்) ஆயிரத்தால் பெருக்கி, பை (3.14) பெருக்கல் மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தால் வகுக்க வேண்டும். ஹெச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) டிரில்லில் சாதாரண இரும்புக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று எடுத்தால், 3.2 மி.மீ. டிரில்லுக்குச் சுமார் 2500 சுற்று. இதே சூத்திரத்தில் லேத்தில் 25 மி.மீ. கம்பியைக் கடைந்தால் சுமார் 320 சுற்றுதான். சின்ன டிரில் வேகமாகவும் பெரிய கம்பி மெதுவாகவும் ஏன் சுற்றுகின்றன என்று வைவா எனும் வாய்மொழித் தேர்வில் கேட்டால், இந்த இரண்டு எண்ணையும் சொல்லுங்கள்.

கடைசியாக வளைப்பது. தகட்டை நேராகச் சுத்தியலால் அடித்தால் பள்ளம் விழும். நடுவில் ஒரு மரத்துண்டை வைத்து அடியுங்கள், அல்லது கொட்டாப்புளியால் தட்டுங்கள். இரும்பு கொஞ்சம் திரும்பி எழும், அதனால் 90-ஐத் தாண்டி ஓரிரு பாகை தள்ளி நிறுத்துங்கள்.

இரண்டு துண்டை வெல்டிங் செய்தும் எல் ஆக்கலாமே என்று கேட்பார்கள். ஆக்கலாம். ஆனால் பற்றவைத்த இடம் ஆறும்போது சுருங்கி, கோணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். முதலில் இரண்டு மூலையிலும் புள்ளி புள்ளியாகப் பிடிக்க வைத்து, மூலைமட்டம் பார்த்துவிட்டுத்தான் முழுதாக ஓட்ட வேண்டும். இவ்வளவு மெல்லிய தகட்டில் பழகாத கை ஓட்டை போட்டுவிடும், அதனால் முதல் முயற்சிக்கு வேண்டாம்.

லேசரில்: 3 மி.மீ. அக்ரிலிக்

கல்லூரியில் லேசர் வெட்டும் மெஷின் இல்லையென்றால் கவலை வேண்டாம். பெயர்ப்பலகை, திருமணப் பரிசுப் பொருள் செய்யும் கடைகளில் இருக்கும். வரைபடத்தை டிஎக்ஸ்எஃப் கோப்பாகக் கொடுத்தால் வெட்டித் தருவார்கள்.

அக்ரிலிக்கை இங்கே வளைக்கப் போவதில்லை. இரண்டு தட்டையான துண்டுகளை, ஒன்றின் நாக்கு மற்றொன்றின் துளையில் நுழையுமாறு பூட்டப்போகிறோம். அதற்கு லேசர் எவ்வளவு பொருளை எரித்துத் தின்கிறது என்று தெரிய வேண்டும். பத்து சதுரங்களை, ஒவ்வொன்றும் 10 மி.மீ., ஒன்றையொன்று தொடாமல் வரைந்து வெட்டுங்கள். பத்தையும் வரிசையாக ஒட்டிவைத்து அளங்கள். 100 வராது. 98 வந்தால், குறைந்த 2 மி.மீ.யைப் பத்தால் வகுத்தால் 0.2. லேசர் தின்பது அவ்வளவு. 10 மி.மீ. என்று வரைந்த நாக்கு 9.8 ஆக வரும், 10 என்று வரைந்த துளை 10.2 ஆகிவிடும். இரண்டையும் சேர்த்தால் லொடலொடவென்று ஆடும். வரைபடத்திலேயே நாக்கைக் கூட்டி, துளையைக் குறையுங்கள். 3 மி.மீ. என்று விற்கும் அக்ரிலிக்கும் சரியாக 3 இருப்பதில்லை, அதையும் வெர்னியரில் பார்த்துவிட்டுத் துளையின் அகலத்தை வையுங்கள்.

தகட்டை வளைத்தபோது கழிவுத் துண்டு 2.8 சொன்னது, இங்கே பத்து சதுரம் 0.2 சொல்கிறது. மெஷினை முதலில் கேட்டு, பிறகு வரைவது என்ற அதே பழக்கம்தான்.

ஒரு எச்சரிக்கை. பிவிசி ஷீட்டை லேசரில் வைக்கவே கூடாது. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலையும் கெடுக்கும், மெஷினின் லென்ஸையும் அரிக்கும். என்ன ஷீட் என்று தெரியாவிட்டால் வெட்ட வேண்டாம். மெஷின் ஓடும்போது அறையை விட்டுப் போகவும் கூடாது, அக்ரிலிக் தீப்பிடிக்கும்.

அக்ரிலிக் பிராக்கெட்டில் திருகை ரொம்ப இறுக்காதீர்கள். உள்மூலைகளில்தான் விரிசல் தொடங்கும்.

3டி பிரிண்டரில்

சூடான பசைத் துப்பாக்கியைப் பார்த்திருப்பீர்கள். பிரிண்டரும் அதுபோலத்தான், பிளாஸ்டிக் இழையை உருக்கி 0.2 மி.மீ. அடுக்கடுக்காக ஊற்றுகிறது. ஸ்காட் கிரம்ப் 1980களின் கடைசியில் இந்த முறையைக் கண்டுபிடித்தார். 2009-ல் அடிப்படைக் காப்புரிமை முடிந்த பிறகுதான் கல்லூரி ஆய்வகம் வாங்கக்கூடிய விலைக்குப் பிரிண்டர்கள் பெருகின.

பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழை போதும். இழை உருகி வெளிவரும் முனையான நாசில் 200 பாகை செல்சியஸ், அச்சு படியும் படுக்கை 60 பாகை என்று தொடங்குங்கள். பிராக்கெட்டின் தடிமனை 4 மி.மீ. ஆக்குங்கள். இரும்புக்கு 1.6 போதும், பிளாஸ்டிக்குக்குப் போதாது. உள்மூலையில் ஒரு சிறு வளைவு கொடுங்கள், வலு கூடும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: எப்படிப் படுக்க வைக்கிறீர்கள்? ஒரு கால் தரையில், மற்றொன்று செங்குத்தாக நிற்கும்படி அச்சிட்டால், நிற்கும் கால் விறகு அடுக்கியதுபோல அடுக்குகளாக இருக்கும். விரலால் தள்ளினால் அடியில் படக்கென்று கழன்றுவிடும். மேலிருந்து பார்த்தால் ‘எல்’ எழுத்து தெரியும்படி பக்கவாட்டில் படுக்க வைத்தால், ஒவ்வொரு இழையும் மூலையைச் சுற்றி ஓடும். அதே பிளாஸ்டிக், அதே எடை, ஆனால் உடைக்கக் கை வலிக்க வேண்டும். இரண்டையும் அச்சிட்டு உடைத்துப் பாருங்கள். தச்சர் மரத்தின் நார் ஓடும் திசை பார்த்து அறுப்பதும் இதே காரணத்துக்காகத்தான். தச்சு வகுப்பில் இழைப்புளியை நாருக்கு எதிராகத் தள்ளி மரத்தைப் பிய்த்த மாணவருக்கு இது ஒரே வரியில் புரிந்துவிடும்.

துளைகள் வரைந்ததைவிடச் சிறியதாக வரும். 3.2 மி.மீ. டிரில் பிட்டைக் கையாலேயே உள்ளே சுழற்றி எடுங்கள், போதும்.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் இழை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அச்சிடும்போது பட் பட் என்று சத்தம் வந்து, மேற்பரப்பு சொரசொரப்பாக வந்தால் அதுதான் காரணம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பிஎல்ஏ 60 பாகைக்குப் பக்கத்தில் இளகிவிடும் என்பதால், மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் பிராக்கெட்டை விட்டுவிடாதீர்கள்.

வார்ப்பில்: அலுமினியம்

இதைத் தனியாகச் செய்யக் கூடாது. வார்ப்புக்கூடம் இருக்கும் கல்லூரியில், பழகியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் பழையதும் புதியதும் இங்கே கைகோத்துக்கொள்கின்றன. மணலில் அச்செடுக்க ஒரு மாதிரி வடிவம் வேண்டும், பட்டறையில் பேட்டர்ன் என்பார்கள். முன்பு அதை மரத்தில் செதுக்கினார்கள். நாம் 3டி பிரிண்டரில் எடுப்போம். ஆனால் நேற்று அச்சிட்ட பிராக்கெட்டையே அப்படியே மணலில் வைக்க முடியாது. மூன்று மாற்றங்கள் வேண்டும்.

அலுமினியம் ஆறும்போது ஏறக்குறைய 1.3 சதவீதம் சுருங்கும், ஆகவே பேட்டர்னை 101.3 சதவீதமாகப் பெரிதாக்குங்கள். 40 மி.மீ. கால் 40.5 ஆகும். மரப் பேட்டர்ன் செய்தவர்கள் இதற்கென்றே அளவு கொஞ்சம் நீட்டிப் பொறித்த தனி அளவுகோல் வைத்திருந்தார்கள், மனக்கணக்கே தேவைப்படாது. அடுத்து, மணலைச் சிதைக்காமல் பேட்டர்ன் வெளியே வர, பக்கங்களை ஒரு பாகை சாய்க்க வேண்டும். 30 மி.மீ. உயரத்தில் அது அரை மில்லிமீட்டர் சாய்வு. மூன்றாவது, அச்சின் அடுக்கு வரிகள் மணலைப் பிடித்து இழுக்கும், அதனால் உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பூசி, வழவழப்பாக்குங்கள். தடிமன் 6 மி.மீ. ஆக இருக்கட்டும், அதைவிட மெல்லியதானால் உலோகம் முழுதாக ஓடிச் சேருமுன்னே உறைந்துவிடும்.

மணலின் பதம் பார்ப்பது கைதான். ஒரு பிடி எடுத்து இறுக்கி மூடித் திறங்கள். விரல் ரேகை பதிந்த கட்டியாக நிற்க வேண்டும். நடுவில் உடைத்தால் சுத்தமாக இரண்டாக வேண்டும். உதிர்ந்தால் ஈரம் போதாது. கையில் ஒட்டினால் ஈரம் அதிகம், அந்த நீர் ஆவியாகி வார்ப்பில் குமிழியாகும், உலோகத்தையும் வெளியே துப்பவைக்கும். அலுமினியம் உருகுவது 660 பாகையில். அதற்குள் ஈரமான கரண்டியையோ ஈரமான துண்டையோ போடுவது வெடி வைப்பதற்குச் சமம். எல்லாவற்றையும் முன்பே சூடுகாட்டி உலர்த்துங்கள்.

சுவாமிமலைப் பக்கம் போனால் சிலை வார்க்கும் ஒரு ஸ்தபதியின் பட்டறையைப் பார்த்துவிட்டு வாருங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்த மெழுகில் உருவம் செய்து, காவிரியின் சன்னமான வண்டல் மண்ணைப் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். ஜெட் எஞ்சினின் டர்பைன் பிளேடுகளையும் இதே தத்துவத்தில்தான், மண்ணுக்குப் பதில் பீங்கான் ஓட்டில் வார்க்கிறார்கள். நகைப்பட்டறைகளில் இப்போது மெழுகு போல எரிந்து வெளியேறும் ரெசினில் 3டி பிரிண்ட் எடுத்து அதே வேலையைச் செய்கிறார்கள். ஸ்தபதியின் கையில் இருக்கும் ஒடியோலையையும் கவனியுங்கள். தென்னை ஓலைக் கீற்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துப் பாகம் பிரித்திருப்பார்கள். முகம் இத்தனை பாகம், மார்பு இத்தனை பாகம் என்று எல்லாம் அந்த ஓலையிலிருந்தே வரும். உயரத்தை மாற்றினால் எல்லா உறுப்பும் அதே விகிதத்தில் மாறும். ஃப்ரீகேடில் ஒரு எண்ணை மாற்றி முழு வரைபடத்தையும் மாற்றுகிறோமே, அந்த யோசனை ஓலையிலேயே இருக்கிறது.

நான்கையும் மேசையில் வைத்து

எடை போடுங்கள். அதற்குமுன் கணக்கிட்டுப் பாருங்கள்: இரும்பு சுமார் 25 கிராம், அக்ரிலிக் 7, பிஎல்ஏ 10, அலுமினியம் 31. உங்கள் தராசு வேறு எண் காட்டினால், ஏன் என்று தேடுங்கள். அலுமினியத்தில் குறைந்தால் உள்ளே குமிழி இருக்கலாம், பிஎல்ஏவில் குறைந்தால் உட்புறம் முழுதாக நிரம்பவில்லை.

நேரத்தையும் எழுதுங்கள். கையால் செய்ய இரண்டு வகுப்பு போயிருக்கும், லேசருக்கு ஓரிரு நிமிடம், பிரிண்டருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். பிறகு கேட்டுக்கொள்ளுங்கள்: ஒன்று போதுமென்றால் எது? ஐம்பது வேண்டுமென்றால்? பத்தாயிரம் என்றால்? ஒன்றுக்குப் பிரிண்டர், ஐம்பதுக்கு லேசர் என்று சொல்வேன். பத்தாயிரம் என்றால் இந்த நான்குமே இல்லை, இரும்புத் தகட்டில் பிரஸ் டூல் (அழுத்தும் மெஷினில் மாட்டும் அச்சு) போட்டு ஒரே அடியில் வெட்டி வளைப்பதுதான். அந்த டூலைச் செய்பவருக்கும் நீங்கள் கழிவுத் துண்டில் கண்டுபிடித்த வளைவுக் கணக்கு வேண்டும்.

கடைசியாக, நான்கையும் மோட்டாரோடு மாட்டி ஓட்டிப் பாருங்கள். எது அதிர்கிறது, எது சத்தம் போடுகிறது, எந்தத் திருகு முதலில் தளர்கிறது என்று கவனித்து எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் வைஸில் இறுக்கி, உடையும்வரை அல்லது வளையும்வரை தள்ளுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு. இரும்பு மெல்ல வளைந்து எச்சரிக்கும், அக்ரிலிக் சொல்லாமல் கொள்ளாமல் தெறிக்கும்.

உடைந்த துண்டுகளைப் பழைய இரும்புப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். தேதியையும் 2.8, 0.2, 1.3 என்று நீங்கள் பயன்படுத்திய எண்களையும் மார்க்கரால் அவற்றின் மேலேயே எழுதி ஒரு டப்பாவில் வையுங்கள். மூன்றாம் ஆண்டு மினி ப்ராஜெக்டில் முதல் தகட்டை வெட்டும் நாளில் அந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு வெட்டலாம்.